சாம்பல் அறையில் ஒரு சந்தனப் பொட்டு

வனிதாவிடம் ஒரு கல்யாணப் படத்தைக் கொடுத்துவிட்டு, சீக்கிரம் முடித்துத் தா என்று யாராவது சொல்லிப் பார்க்க வேண்டும். நான் ஒரு முறை சொன்னேன். மணப்பெண் கையில் இருக்கிற வெற்றிலை கொழுந்தா முற்றலா, மண்டபத்து விளக்கு மஞ்சளா வெள்ளையா, மாமியார் கட்டியிருந்தது அரக்கா மெரூனா என்று அவள் கேட்ட கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லை. படம் எடுத்தவன் நான்தான். ஆனால் வெற்றிலையைப் பார்க்கவா நான் கல்யாணத்துக்குப் போனேன்?

என் பெயர் காளிச்சாமி. வண்டித்தாவளத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். மலையாள எல்லைக்குள் இருக்கிற எங்கள் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், மேடையை மறைத்துக்கொண்டு நிற்கிற முதுகு பெரும்பாலும் என்னுடையதாகத்தான் இருக்கும். வனிதா இருப்பது பெருமாட்டியில், தென்னந்தோப்புக்கு நடுவே. புருஷன் மணிகண்டனுக்குத் தென்னை விவசாயம். அவளுக்குப் படங்களுக்கு நிறம் திருத்துகிற வேலை. கலரிஸ்ட் என்பார்கள். நாங்கள் கேமராவில் பிடித்துக்கொண்டு வருவது சோகை பிடித்த மாதிரி வெளுத்துக் கிடக்கும். அதை ஒவ்வொரு ஷாட்டாக எடுத்து, முகத்தை முகமாகவும் வானத்தை வானமாகவும் ஆக்கிக் கொடுப்பாள்.

கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஸ்டுடியோவில் இந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவள், கல்யாணமாகி இங்கே வந்தபோது சீரோடு சீராக ஒரு மானிட்டரையும் கொண்டுவந்தாள். சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. பீரோவும் கட்டிலும் முன்னால் லாரியில் போக, புதுப்பெண் பின்னால் ஒரு பிக்கப் வண்டியில், மானிட்டர் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தாள். பெருமாட்டிக்காரர்கள் அதை இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். மணிகண்டனைக்கூட அவள் அப்படிப் பிடித்ததில்லை என்பார்கள்.

அந்த மானிட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் இருக்கிற டி.வி. எல்லாம் ஆளைக் குளிப்பாட்டிப் பேசுகிற ஜாதி. மங்கலைப் பளிச்சென்று காட்டும், கறுப்பைச் சிவப்பாக்கிக் காட்டும். சினிமாக்காரர்கள் நிறம் பார்க்க வைத்திருக்கிற மானிட்டர் அப்படி இல்லை. உள்ளதை உள்ளபடி காட்டும். நான் எடுத்த கல்யாணம் ஒன்றை வனிதா முதன்முதலாக அதில் போட்டுக் காட்டினாள். மாப்பிள்ளைக்குப் போட்ட பவுடர் கழுத்தோடு நின்றுபோனது தெரிந்தது. பந்தி இலையில் ஊறுகாய் எண்ணெய் ஓடுவது தெரிந்தது. தாலி கட்டும்போது ஃபோகஸ் மாப்பிள்ளை மேல் இல்லாமல் பின்னால் நின்ற தாய்மாமன் காதின்மேல் இருந்ததும் தெரிந்தது. என் கம்ப்யூட்டர் இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது அதைச் சொன்னதில்லை. அன்றிலிருந்து அந்த மானிட்டர்மேல் எனக்கு ஒரு கடுப்பு.

அதை வைப்பதற்கு அவள் கேட்ட அறை, கொப்பரை போட்டு வைக்கிற அறை. கேட்டதோடு விட்டாளா? சுவர் முழுக்கச் சாம்பல் நிறம் அடிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். சுவரில் வேறு நிறம் இருந்தால் அது கண்ணில் ஏறிக்கொண்டு படத்தின் நிறத்தைத் தப்பாகக் காட்டுமாம். பெயிண்டர் இரண்டு முறை போன் பண்ணி, சாம்பல்தானா என்று கேட்டுக்கொண்டான். மாமியார் சின்னத்தாயி அக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டு, புதுப்பொண்ணு வந்த ஊட்டுல யாராச்சும் சாம்பல் பூசுவாங்களா என்று கேட்டதோடு சரி. அதற்குப் பிறகு அந்த அறைப் பக்கம் போகவில்லை. மருமகளிடம் அவருக்குக் கோபம் ஒன்றும் இல்லை. தோசைக்கு இரண்டு சட்னி அரைத்துக் கொடுப்பார். அந்த அறையை மட்டும் அவரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதற்குள் உட்கார்ந்து செய்வதும் ஒரு வேலைதான் என்று அவருக்குத் தோன்றவில்லை. யார் கேட்டாலும் மருமகள் உள்ளே டி.வி. பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றுதான் சொல்வார்.

அது வனிதாவுக்குச் சுருக்கென்று தைத்தது. மூக்குமேல் கோபம் உள்ளவள் ஆயிற்றே. தை பிறப்பதற்குள் ஒரு சினிமா வேலையாவது வரட்டும், வராவிட்டால் கொப்பரையே அந்த அறைக்குத் திரும்பிவிடட்டும், நான் பழைய ஸ்டுடியோவுக்கே போய் ஹாஸ்டலில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். யாரும் கேட்டுச் சொன்னதில்லை. அவளே கெடு வைத்து, அவளே அதில் மாட்டிக்கொண்டாள். மணிகண்டனுக்கு முகம் தொங்கிப்போனது. தோப்பு வீட்டு மருமகள் வாராவாரம் விருந்தாளி மாதிரி வந்து போவதா என்று சின்னத்தாயி அக்காவும் முணுமுணுத்தார். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

வேலை வந்தது. கொண்டுவந்தது நான் என்பதைச் சொல்லாமல் விட மாட்டேன். ரிஞ்சு என்று திருச்சூர்ப் பையன், முதல் படம் எடுத்துக்கொண்டிருந்தான். மூணாறு போகிற வழியில் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் சித்திரபுரம் இருக்கிறதே, அங்கே எஸ்டேட் தொழிலாளர்களின் லயத்து வீடுகளிலும் கரண்டு ஆபீஸ் குவார்ட்டர்ஸிலும் நடக்கிற கதை. படம் முழுக்க மூடுபனி. அவனுக்கு ட்ரோன் பறக்கவிடப் போன இடத்தில் நான் வனிதாவைப் பற்றிச் சொல்லிவைத்தேன். ஒரே ஒரு காட்சியை அனுப்புகிறேன், அதைச் செய்து காட்டட்டும், பிடித்திருந்தால் முழுப் படமும் அவளுக்கு என்றான் ரிஞ்சு. அந்தக் காட்சியில் ஒரு பெண் காலையில் மூடுபனிக்குள் தண்ணீர்க் குடத்தோடு நடந்து வருகிறாள். பின்னால் கொடியில் வெள்ளை வேட்டிகள் காய்கின்றன. அவ்வளவுதான்.

காட்சி வந்து சேர்ந்தது ஆயுத பூஜை முடிந்த வாரம். பூஜைக்கு வனிதா ஊரில் இல்லை. அவள் அண்ணன் புதிதாக டிராக்டர் எடுத்திருந்ததால் பொள்ளாச்சிப் பக்கம் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்ததும் முதல் வேலையாக மானிட்டரை அளந்து சரிபார்த்தாள். மானிட்டர் நாளாக ஆக நிறம் கொஞ்சம் தவறிப்போகும். அதை அளக்க ஒரு கருவி உண்டு, புரோப் என்று பெயர். கைக்குள் அடங்குகிற கறுப்பு உருண்டை, அதன் முகத்தில் கண்ணாடி மாதிரி ஒரு லென்ஸ். அதைத் திரைமேல் தொங்கவிட்டால், திரை காட்டுகிற சிவப்பையும் பச்சையையும் நீலத்தையும் அளந்து, கூடியதைக் குறைத்து, குறைந்ததைக் கூட்டிச் சரிசெய்யும். அவள் யாரை நம்பாவிட்டாலும் அந்த உருண்டையை நம்புவாள்.

சரிபார்த்த கையோடு, நான் எடுத்திருந்த நல்லதம்பி வீட்டுக் கல்யாணப் படத்தைத்தான் முதலில் முடித்துக் கொடுத்தாள். பெண் ஆர்த்தி, மாப்பிள்ளை கொழிஞ்சாம்பாறை. நல்லதம்பி சாதாரணமாக எதையும் பாராட்டுகிற ஆள் இல்லை. படத்தைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை மங்களகரமாக ஒரு கல்யாணத்தை நான் பார்த்ததே இல்லை, பொண்ணு மூஞ்சியில மஞ்சள் தகதகங்குது என்றார். எனக்கும் கொஞ்சம் தூக்கலாகத்தான் பட்டது. ஆனால் வாடிக்கையாளர் சிரிக்கும்போது நான் ஏன் அழ வேண்டும்? வனிதாவின் கைவண்ணம் என்று நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அந்த உற்சாகத்தில் ரிஞ்சுவின் காட்சியில் இறங்கினாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். பனி ஒவ்வொரு அடுக்காக விலகுகிற மாதிரி, குடத்தின் பித்தளை மட்டும் மெல்ல ஒளிர்கிற மாதிரி செய்திருந்தாள். அதை அந்த மானிட்டரில் பார்த்தபோது எனக்கே உடம்பு குளிர்ந்தது. இதற்குப் பிறகு கொப்பரை வெளித்திண்ணையிலேயே கிடக்க வேண்டியதுதான் என்று மணிகண்டனிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் ரிஞ்சு போன் பண்ணினான். அவன் மலையாளத்தில் கேட்டதை அப்படியே சொன்னால், என் மூடுபனிக்கு எப்போதிருந்து மஞ்சக்காமாலை என்று கேட்டான். பனி மஞ்சள், கொடியில் காய்கிற வேட்டி மஞ்சள், அந்தப் பெண்ணின் கண்முழி வரைக்கும் மஞ்சள் என்றான். வனிதாவுக்கு வந்ததே கோபம். வீட்டு டி.வி.யில் பார்த்துவிட்டுப் பேசாதீர்கள், உங்கள் திரையை முதலில் சரிபாருங்கள் என்று வெளுத்து வாங்கினாள். அவன் பொறுமையானவன். கொச்சியில் ஒரு ஸ்டுடியோவுக்கே கொண்டுபோய்ப் பார்த்தேன், அங்கேயும் மஞ்சள்தான், ஞாயிற்றுக்கிழமை வரை பார்க்கிறேன், அதற்குள் சரியாகாவிட்டால் கொச்சியிலேயே கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

அவள் உடனே புரோப்பை எடுத்து, என் கண் முன்னாலேயே மானிட்டரை மறுபடியும் அளந்தாள். எல்லாம் அச்சுப் பிசகாமல் சரி என்று கம்ப்யூட்டர் சொன்னது. அந்த ரிப்போர்ட்டை ரிஞ்சுவுக்கு அனுப்பிவைத்தாள். ரிப்போர்ட் நல்ல வெள்ளையாகத்தான் இருக்கிறது, பனிதான் மஞ்சள் என்று அவன் பதில் போட்டான்.

அப்போதுதான் அவள் முகம் மாறியது. அதுவரைக்கும் கோபமாக இருந்தவள் அப்படியே அடங்கிப்போனாள். மிஷின் சரி, படம் தப்பு என்றால் நடுவில் இருக்கிற ஒன்றுதானே பாக்கி.

"என்ற கண்ணுதானுங்கண்ணா போச்சு," என்றாள். "கண்ணே தப்பாக் காட்டுதுன்னா நான் இந்த ரூமுக்குள்ள ஒக்காந்து என்னத்தைப் பண்றது?"

சனிக்கிழமை கோயம்புத்தூர் போய்க் கண் டாக்டரைப் பார்க்கிறேன், அப்படியே பழைய ஸ்டுடியோவிலும் தலையைக் காட்டிவிட்டு வருகிறேன், நிறம் பார்க்கிற வேலை இல்லாவிட்டால் வேறு ஏதாவது கொடுப்பார்கள் என்றாள். சொல்லிக்கொண்டே சாமான்களை எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. கரண்டு போவது எங்கள் பக்கம் அதிசயமில்லை, ஆனால் அன்றைக்குப் போனதற்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்வேன். இருட்டில் எதுவும் தெரியாததால் எப்போதும் மூடியே கிடக்கிற ஜன்னலை அவள் திறந்தாள். மதிய வெயில் உள்ளே விழுந்தது. புரோப்பை அதன் பெட்டிக்குள் வைக்கப் போனவள் சட்டென்று நின்றாள். உருண்டையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். பிறகு என்னிடம் நீட்டினாள். மோந்து பார்த்தேன். அம்மன் கோவில் வாசனை அடித்தது.

ஜன்னல் வெளிச்சத்தில் லென்ஸைச் சாய்த்துப் பிடித்தாள். கண்ணாடிமேல் மெல்லிசாக ஒரு மஞ்சள் படலம். ஓரத்து வளையத்தில் காய்ந்துபோன சந்தனம்.

மணிகண்டனைக் கூப்பிட்டாள். தோப்பிலிருந்து வந்தவன் அவள் கையில் இருந்ததைப் பார்த்ததுமே வாசல்படியில் நின்றுவிட்டான். பூஜையன்று அம்மா பொட்டு வைத்தது உண்மை, நான்தான் அப்புறம் துண்டால் துடைத்து வைத்தேன், சுத்தமாகத் துடைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன் என்றான். அவன் துண்டு எந்த லட்சணத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். சந்தனத்தைத் துடைக்கவில்லை, கண்ணாடி முழுக்க மெழுகிவைத்திருக்கிறான்.

பேச்சுச் சத்தம் கேட்டுச் சின்னத்தாயி அக்காவே வந்துவிட்டார். அவருக்கு எதையும் மறைக்கத் தெரியாது. மறைக்க வேண்டியது என்றும் அவர் நினைக்கவில்லை.

"போன வருசம் அருவாளுக்கு வெச்சேன், மோட்டருக்கு வெச்சேன், உன்ற ஸ்கூட்டருக்கு வெச்சேன், இந்த ரூமுக்கு மட்டும் வெக்கலை," என்றார். "டி.வி.க்கு யாரு பொட்டு வெப்பாங்கன்னு உட்டுட்டேன். இந்த வருசம் மனசு கேக்கலை அம்மிணி. நீயும் பொழுதன்னைக்கும் இதுலதான ஒழைக்கறே. இதும் ஆயுதந்தானே."

பெரிய திரைக்கு வைக்கப் போனாராம். அது விலை உயர்ந்தது, தொடாதே என்று மகன் தடுத்துவிட்டான். அதனால் பக்கத்தில் இருந்த உருண்டைக்கு வைத்திருக்கிறார். அதற்கு மேலே ஒரு மூடி வேறு இருந்ததாம். மூடிக்கு வைத்தால் பொட்டு மூடிக்குத்தானே சேரும் என்று, மூடியைக் கழற்றிவிட்டு, லென்ஸுக்கு நேர் நடுவில், தாராளமாக.

வனிதா கத்தப் போகிறாள் என்று நான் ஒதுங்கி நின்றேன். அவள் கத்தவில்லை. அந்த உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே சிரிப்பும் வந்துவிட்டது. இரண்டு வருஷமாக அவள் காத்துக்கொண்டிருந்த வார்த்தை அது. டி.வி. பார்க்கிறாள் என்று ஊருக்கெல்லாம் சொன்ன மாமியார், அரிவாளோடும் மோட்டாரோடும் சேர்த்து அவள் வேலைக்கும் ஒரு பொட்டு வைத்திருக்கிறார். அந்தப் பொட்டுதான் அவள் வேலைக்கு உலை வைத்தது என்பது வேறு விஷயம்.

நடந்தது இதுதான். மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கிறவனுக்கு வெள்ளையும் மஞ்சளாகத்தான் தெரியும். நீலம் பத்தவில்லை, இன்னும் போடு என்பான். சந்தனம் பூசிய புரோப்பும் அதைத்தான் செய்தது. அதன் பேச்சைக் கேட்டுத் திரை நீலம் பாரித்துப்போனது. படம் நீலமாகத் தெரிகிறதே என்று வனிதா மஞ்சளை ஏற்றினாள். திரும்ப அளந்தபோதும் அதே சந்தனக் கண்தானே அளந்தது, எல்லாம் சரி என்று சொல்லாமல் என்ன செய்யும்? அவள் கண்ணில் ஒரு குறையும் இல்லை. இதை அவள் விளக்கி முடித்தபோது நான் நல்லதம்பி வீட்டுக் கல்யாணத்தை நினைத்துக்கொண்டேன். அந்தத் தகதகப்பு எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. நல்லதம்பியிடம் இன்றுவரை யாரும் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

ஆனால் அந்த விளக்கத்தில் சின்னத்தாயி அக்காவுக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று. தன் பொட்டால் மருமகளுக்குப் போக இருந்தது ஒரு சினிமா. எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விட்டார்.

என் கேமரா பையிலிருந்து லென்ஸ் துடைக்கிற மருந்தும் துணியும் கொண்டுவந்து கொடுத்தேன். வனிதா பச்சைக் குழந்தையின் காதைத் துடைப்பது மாதிரி அந்த லென்ஸைத் துடைத்தாள். கரண்டு வந்ததும் மானிட்டரை மறுபடி அளந்தாள். திரை கொஞ்சம் கொஞ்சமாக நிறம் மாறி நின்றது. ரிஞ்சுவின் காட்சியை ஓட்டினாள். சித்திரபுரத்து மூடுபனி முழுக்க மஞ்சத்தண்ணி. வேட்டிகள் எல்லாம் பழனிக்கு மாலை போட்டவை மாதிரி தொங்கின. நாங்கள் மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

மறுநாள் மத்தியானத்துக்குள் காட்சியைப் புதிதாகச் செய்துவிட்டாள். ரிஞ்சுவிடம் என்ன சொல்வது என்பதில்தான் எங்களுக்குள் தகராறு. கேபிள் கெட்டுப்போனது என்று சொல்லிவிடு, சினிமாவில் யாரும் உண்மை பேசுவதில்லை என்று நான் சொல்லிக்கொடுத்தேன். அவள் கேட்டால்தானே. போனை எடுத்து, என் மாமியார் ஆயுத பூஜைக்குப் புரோப்புக்குப் பொட்டு வைத்துவிட்டார், அதனால்தான் மஞ்சள், நீங்கள் சொன்னது சரி, நான் பேசியது தப்பு, இப்போது பாருங்கள் என்று ஒரே மூச்சில் சொன்னாள். அந்தப் பக்கம் அவன் சிரித்துக்கொண்டிருக்கிறான். என் கேமராவுக்குப் பூஜை போட்ட அன்றைக்கு அசிஸ்டென்ட் லென்ஸ் மூடிக்கு மேல்தான் பொட்டு வைத்தான், உங்கள் அத்தைக்கு அவனைவிடப் பக்தி அதிகம் என்றான். அப்புறம் காட்சியைப் பார்த்தான். படம் அவளுக்கே என்றான்.

தை பிறப்பதற்கு முன்பே ரிஞ்சு பெருமாட்டிக்கு வந்து, சாம்பல் அறையில் அவளோடு உட்கார்ந்து முழுப் படத்தையும் முடித்தான். முதல் நாள் செக்கச்செவேலென்று ஒரு டி-ஷர்ட் போட்டுக்கொண்டு வந்தான். இந்த நிறத்தோடு என் அறைக்குள் வரக்கூடாது என்று அவள் வாசலிலேயே நிறுத்தி, மணிகண்டனின் பழைய சாம்பல் சட்டையைக் கொடுத்தாள். டைரக்டர் வந்திருக்கிறார் என்று வேடிக்கை பார்க்க வந்த பக்கத்துத் தோப்புக்காரர்கள், உரக்கறை பிடித்த சட்டையில் ஒருவன் இளநீர் குடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, டைரக்டர் எங்கே என்று அவனிடமே கேட்டார்கள்.

அறை அவளுக்கே நின்றது. கொப்பரைக்கு மணிகண்டன் களத்து ஓரம் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டான். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று இங்கே நிறுத்திவிடலாம். ஆனால் சின்னத்தாயி அக்கா மட்டும் அதற்குப் பிறகு அந்த வாசல்படியைத் தாண்டவில்லை. டீ கொண்டுவந்தால் வெளியே நின்று நீட்டுவார். முன்பு அவர் வராமல் இருந்தது பிடிக்காமல். இப்போது பயந்துபோய். அடுத்த ஆயுத பூஜைக்கு வனிதா ஊரிலேயே இருந்தாள். சந்தனக் கிண்ணத்தோடு அரிவாள், மோட்டார், தேங்காய் உரிக்கிற கம்பி என்று வரிசையாக வைத்துக்கொண்டு வந்தவர், அந்த அறை வாசலில் கிண்ணத்தை மூடிக்கொண்டார். வாங்க அத்தை, வைங்க என்று வனிதா எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தாள். வேண்டாம் அம்மிணி, என்ற கை பட்டா உன்ற மிஷினு கெட்டுப்போகும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதை வனிதாதான் என்னிடம் சொன்னாள். படம் கிடைத்தது, பொட்டுப் போச்சுங்கண்ணா என்றாள்.

அந்தப் பூஜை முடிந்த கையோடு படம் ரிலீஸ் ஆனது. எங்கள் பக்கத்துத் தியேட்டர் ஒன்றில் போட்டார்கள். எந்தத் தியேட்டர் என்று சொல்ல மாட்டேன், இன்னும் அங்கேதான் படம் பார்க்கப் போகிறோம். வீடே கிளம்பியது. சின்னத்தாயி அக்கா பட்டுச்சேலை. வனிதா மட்டும் வழக்கம்போல் சாம்பல் நிறச் சுடிதார். நான் டிக்கெட் எடுத்தேன், அதையும் சொல்லிவைக்கிறேன்.

படம் ஆரம்பித்தது. முதல் காட்சியே அந்த மூடுபனி. பக்கத்தில் வனிதா நாற்காலிக் கையைப் பிடித்த பிடியில் அது கழன்று வந்துவிடும் போல இருந்தது. திரையில் வலது பக்கம் பாதிப் பனி மஞ்சளாக இருந்தது. கொடியில் ஒரு வேட்டி வெள்ளை, பக்கத்து வேட்டி மஞ்சள்.

அவள் எழுந்துவிட்டாள். நானும் பின்னாலேயே ஓடினேன். படியேறி ஆபரேட்டர் அறைக் கதவைத் தட்டினோம். பெரியமுத்து என்று வயதான மனிதர், நல்ல சிரித்த முகம். அறைக்குள் சாம்பிராணி வாசனை இன்னும் போகவில்லை. சுவிட்ச் போர்டுக்கு ஒரு பொட்டு, புரொஜெக்டருக்கு ஒரு பொட்டு, ஃபேனுக்கு ஒரு பொட்டு. புரொஜெக்டர் வெளிச்சம் தியேட்டருக்குள் போகிற கண்ணாடி ஜன்னல் இருக்கிறதல்லவா, அதன் வலது பக்கம் அகலமாக ஒரு சந்தனத் தீற்றல்.

பூஜைக்கு வைத்ததுங்க, துடைத்துவிட்டேனே என்றார் பெரியமுத்து. பக்கத்தில் ஒரு துண்டு கிடந்தது. அந்தத் துண்டைப் பார்த்ததும் எனக்கு மணிகண்டன் ஞாபகம் வந்தது.

வனிதா பையிலிருந்து லென்ஸ் துணியை எடுத்து, கண்ணாடியைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க, கீழே திரையில் மஞ்சள் ஓரத்திலிருந்து கரைந்துகொண்டே வந்தது. கடைசி வேட்டியும் வெளுத்தது. சித்திரபுரத்து மூடுபனி, அவள் அந்த அறையில் உட்கார்ந்து பார்த்த அதே வெள்ளையில், தியேட்டர் முழுக்க நிறைந்து நின்றது. அவள் அந்தச் சின்னக் கண்ணாடி வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லை, அவளுக்குத் தலைக்கனம் ஏறிவிடும்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் சின்னத்தாயி அக்கா கேட்டார், அத்தனை அழகாக மஞ்சள் பூத்திருந்தது, திடீரென்று ஏன் வெளுத்துவிட்டது என்று. வனிதா அவர் காதருகில் குனிந்து, மாடியில் பார்த்ததைச் சொன்னாள். பொட்டைச் சொன்னாள், துண்டைச் சொன்னாள். சொல்லி முடிக்கவில்லை, அக்காவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. பட்டுச்சேலை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார். ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் வெளியே வந்த மாதிரி இருந்தது. முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்ப நான் ஒருத்தி மட்டுமில்ல," என்றார்.

"இல்லீங்க அத்தை."

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். திரையைப் பார்த்தபடியே மருமகளின் கையைத் தட்டி, "வர்ற பூஜைக்கு எங்க வெக்கோணுமின்னு நீ எடத்தை மட்டும் காட்டு," என்றார். "வெக்காம நான் உடமாட்டேன்."